தட்டினால் பாட வேண்டும்

காருகுறிச்சிக்குப் பானை வாங்கப் போனால் என் ஆச்சி பானையின் நிறத்தைப் பார்க்க மாட்டாள். விளிம்பை இடது கையால் பற்றித் தூக்கி, வலது கை நடுவிரலை மடக்கி அதன் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டுவாள். கணீரென்றால் விலை பேசுவாள். ஒலி மந்தமாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ இருக்கிறது என்று பொருள். பானை அடுக்குக்கே திரும்பிவிடும்.

தாத்தா இதையே துப்பாக்கிக்குச் செய்தார். இரட்டைக்குழல் துப்பாக்கியை மூன்றாகப் பிரிக்கலாம்: குழல்கள், முன்கட்டை, விசையோடு கூடிய பின்கட்டை. குழல்களை மட்டும் தனியே எடுத்து, அவற்றின் அடியில் இருக்கும் கொக்கியை ஒரு விரலில் மாட்டித் தொங்கவிடுவார். பிறகு நகத்தால் ஒரு சுண்டு. கோயில் மணி ஓய்ந்த பிறகும் காதில் நிற்குமே, அப்படி ஓர் இழுவை நீண்டு போய்த் தேயும். அந்த ஒலி நின்ற பிறகுதான் அடுத்த வார்த்தை பேசுவார். நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களைத் தட்டிக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இரண்டு குழல்களும் ஒரே இரும்பில் குடைந்தவை அல்ல. தனித்தனியாகச் செய்து, மேலும் கீழும் மெல்லிய பட்டைகள் வைத்து, நெடுக ஈயப் பற்று வைத்து ஒட்டியிருப்பார்கள். பற்று ஓரிடத்தில் விட்டிருந்தாலும் ஒலி செத்துவிடும். பழைய இரட்டைக்குழலை விலைக்குப் பார்க்கும் யாரும் முதலில் செய்ய வேண்டியது இந்தச் சோதனைதான். இதற்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

எங்கள் ஊர் வீரவநல்லூர் பக்கம், பொதிகை மலை எதிரே நிற்கும் ஊர். மலையடிவார வயல்களில் பன்றி இறங்கும். பயிர்க் காவலுக்கென்று தாத்தா காலத்தில் லைசென்ஸ் வாங்கியிருந்தார்கள். 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு தாத்தா வேட்டையை விட்டுவிட்டார். துப்பாக்கியை விடவில்லை. அது அவருக்கு வேட்டைக் கருவி என்பதைத் தாண்டி வேறொன்றாகிவிட்டிருந்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்ணையில் பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் மூன்று பாகங்களையும் வரிசையாக வைத்துத் துடைப்பார். பக்கத்தில் உட்கார எனக்கு மட்டும் அனுமதி. மூடிய துப்பாக்கியை அவர் ஒரு நாளும் என் கையில் தந்ததில்லை. திறந்து, இரண்டு அறைகளும் காலி என்று தானும் பார்த்து, எனக்கும் காட்டி, திறந்தபடியேதான் நீட்டுவார். நானும் இன்றுவரை அப்படித்தான் கொடுக்கிறேன், வாங்குகிறேன்.

2017-இல் அப்பாவுக்கு 70 வயது நிறைந்ததும் துப்பாக்கிகள் என் பெயருக்கு வந்தன. இதைப் பலர் அறியாமலே இருக்கிறார்கள்: 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உரிமம் வைத்திருப்பவருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, அவர் அந்த ஆயுதத்தை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். இறந்த பிறகு மாற்றுவதைவிட இது எவ்வளவோ மேல். உரிமத்துக்குரியவர் இறந்துவிட்டால், 'காரியமெல்லாம் முடியட்டும்' என்று வீட்டுப் பீரோவில் வைத்திருக்காமல், உடனே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட வேண்டும். தாத்தா இறந்தபோது அப்பா பதினாறாம் நாள் வரைகூடக் காத்திருக்கவில்லை.

என் பெயருக்கு வந்த நாளில்தான் தாத்தாவின் துப்பாக்கியை முதன்முதலாகப் படித்தேன். படித்தேன் என்பதுதான் சரியான சொல். குழல்களுக்கு நடுவே ஓடும் மேல்பட்டையில் ஆங்கிலத்தில் ஆர்.பி. ரோடா அண்ட் கம்பெனி, கல்கத்தா என்று வெட்டியிருந்தது. சின்ன வயதிலிருந்து அதை 'ரோடா துப்பாக்கி' என்றே சொல்லி வந்தோம். 1914 ஆகஸ்ட் 26 அன்று வங்கப் புரட்சியாளர்கள் 50 மாசர் கைத்துப்பாக்கிகளைத் தோட்டாக்களோடு மடக்கிக்கொண்டு போனது இந்த ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்துதான். மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டு மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்தக் கடைப் பெயர் எங்கள் வீட்டுப் பட்டையில் இருப்பதில் எனக்கு இன்றும் ஒரு சிலிர்ப்பு உண்டு.

ஆனால் ரோடா விற்றவர்தான், செய்தவர் அல்லர். அந்தக் காலத்தில் கல்கத்தா, சென்னை, பம்பாய்க் கடைகள் இங்கிலாந்திலுள்ள பர்மிங்காம் பட்டறைகளில் செய்வித்துத் தங்கள் பெயரை வெட்டி விற்றன. எனவே பட்டையில் இருக்கும் பெயரை வைத்து விலை சொல்கிறவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உண்மையான ஜாதகம் குழல்களின் அடிப்பக்கத்தில், விசை உறுப்புகளை அடக்கிய இரும்புப் பெட்டியோடு பொருந்தும் தட்டையான இடத்தில் இருக்கிறது. மூடியிருக்கும்போது வெளியே தெரியாது. என் துப்பாக்கியில் அங்கே கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி., என்.பி. என்ற எழுத்துகள் வரிசையாகக் குத்தப்பட்டிருக்கின்றன. அவை பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரைகள். 1813-இல் தொடங்கிய சாலை அது. வழக்கத்தைவிடக் கூடுதலான வெடிமருந்து கெட்டித்து வெடித்துப் பார்த்து, குழல் தாங்கிய பிறகே முத்திரை குத்துவார்கள். என்.பி. என்பது இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்துக்கும் தாங்கும் என்பதற்கான அடையாளம். அது இல்லாத பழைய குழல் கரிமருந்துக் காலத்தது. அதில் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது.

பக்கத்தில் இன்னும் இரண்டு குறிகள். ஒன்று, 'ஒன்றே அரைக்கால் அவுன்ஸ்'. அந்தக் குழல் தாங்கும் ரவையின், அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் ஈயச் சிறுகுண்டுகளின் எடை, நம் கணக்கில் ஏறக்குறைய 32 கிராம். மற்றொன்று, 'இரண்டரை அங்குலம்'. அது தோட்டா அறையின் நீளம். அறை நீளத்தைக் குத்துவது 1925-ஆம் ஆண்டு விதிகளோடு வந்த வழக்கம். ஆகவே எங்கள் துப்பாக்கி அதற்குப் பிற்பட்டது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். வெள்ளைக்காரத் துரை ஒருவர் 1900-இல் விட்டுப்போனது என்று குடும்பத்தில் வழங்கிவந்த கதை ஒரு குறியில் உதிர்ந்துபோனது.

இரண்டரை அங்குலம் என்றால் 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கான அறை. இன்று பரவலாக இருப்பது 70 மில்லிமீட்டர். இங்கேதான் அனுபவசாலிகளும் ஏமாறுகிறார்கள். 70 தோட்டா 65 அறைக்குள் தடையில்லாமல் போகும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். ஏனென்றால் அந்த 70 என்பது வெடித்து வாய் விரிந்த பிறகுள்ள நீளம். மடித்த வாயோடு அது குட்டையாகத்தான் இருக்கும். வெடிக்கும்போது அந்த மடிப்பு விரிவதற்கு இடமில்லாமல் குழலின் குறுகலான கழுத்தில் நீட்டிக்கொள்ளும், அழுத்தம் ஏறும். 'உள்ளே போகிறதே' என்பது சான்று ஆகாது. தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

முத்திரைகளுக்கு அடுத்து நான் பார்ப்பது திருகாணிகளை. என் துப்பாக்கியில் பெட்டியின் அடிப்பக்கத்தில் உள்ள திருகாணித் தலைகளின் வெட்டுகள் எல்லாம் குழல் ஓடும் திசையிலேயே, ஒரே நேராக நிற்கின்றன. தற்செயல் அல்ல அது. ஒவ்வொரு திருகாணியையும் இறுதி முறுக்கில் அந்தக் கோட்டில் வந்து நிற்கும்படி ஒரு கைவினைஞர் அராவியிருக்கிறார். வெட்டுகளும் நம் கடைத் திருப்புளி நுழையாத அளவுக்கு மெல்லியவை, தலைமயிர் போல. ஒரு பழைய துப்பாக்கியில் இந்த வெட்டுகள் சிதைந்து, தலைகள் தாறுமாறாகத் திரும்பி நின்றால், உள்ளே யாரோ பொருந்தாத கருவியோடு புகுந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். சித்திர வேலை எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

உள்ளே இருப்பது 1875-இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தின் ஆன்சன், டீலி இருவரும் காப்புரிமை பெற்ற அமைப்பு. குழலைத் தாழ்த்தித் திறக்கும் அசைவே உள்ளிருக்கும் சுத்தியல்களை ஏற்றிவிடும். அதற்கு முன்னால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியல்களை, அதாவது குதிரைகளை, கட்டைவிரலால் ஒவ்வொன்றாகப் பின்னுக்கு இழுக்க வேண்டியிருந்தது. பாக்ஸ்லாக் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். உறுப்புகள் குறைவு, உடைவதும் குறைவு. விசை உறுப்புகளைப் பக்கத் தகடுகளில் பொருத்திய சைடுலாக்கின் அழகு இதற்கு இல்லை என்பார்கள். தொண்ணூறு வயதை நெருங்கிய ஒரு பாக்ஸ்லாக் இன்றும் வெண்ணெயில் கத்தி இறங்குவது போலத் திறப்பதைப் பார்த்தவன் நான். அழகு எது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

பின்கட்டையில் ஒரு விஷயம் உண்டு. நீண்ட கையுள்ள ஒருவருக்கு அளந்த கட்டை அது. தாத்தா குள்ளம். தோளுக்கு ஏற்றினால் கன்னம் சரியான இடத்தில் விழவில்லை என்று ஊர் ஆசாரியிடம் கொடுத்து முக்கால் அங்குலம் அறுத்து, அடியில் ஈட்டி மரப் பலகை ஒன்றை ஒட்டச் செய்திருக்கிறார். பழைய கட்டையின் வால்நட் மரமும் ஈட்டியும் சேரும் கோட்டில் விரல் வைத்தால் மேடு தட்டாது. விலை மதிக்க வந்த ஒருவர் 'இதனால் பாதி விலை போயிற்று' என்றார். போகட்டும். அந்த முக்கால் அங்குலம் என் தாத்தாவின் கையளவு. துப்பாக்கி சேகரிப்பில் 'மாறாத அசல்' என்பதற்கு நானும் மதிப்புக் கொடுப்பவன்தான். ஆனால் ஆளுக்கு அளந்து கட்டையைத் திருத்துவது இந்தத் துப்பாக்கிகளின் மரபிலேயே உள்ளது. நல்ல கையால் நடந்த திருத்தத்தைக் குறையென்று நான் ஒப்ப மாட்டேன்.

2019 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. பரம்பரையாக வந்ததும் இந்தக் கணக்கில் அடக்கம். கூடுதலாக இருந்ததை ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டியிருந்தது. என்னிடம் மூன்று இருந்தன: தாத்தாவின் ரோடா, அப்பா வாங்கிய இஷாப்பூர் இரட்டைக்குழல், தாத்தாவின் தகப்பனார் காலத்து பெல்ஜியம் துப்பாக்கி ஒன்று. பெல்ஜியத்துக்கு வெளிக்குதிரைகள் உண்டு. குழலில் முட்டைக்குள் அடைத்தது போல லியேஜ் நகரத்து முத்திரை. குழல்கள் முழுக்க நெளிநெளியாகக் கோலம். இரும்பும் எஃகும் கலந்த பட்டைகளை முறுக்கி, தண்டின்மேல் சுருளாகச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒன்றாக்கிய குழல் அது. டமாஸ்கஸ் என்று பெயர். நம் நாட்டு உருக்கில் அடித்த வாள்களுக்கும் அதே பெயர் வழங்குவதால் இரண்டும் ஒன்றென்று நினைக்கிறார்கள். அந்த வாளின் வரிகள் உருக்கிலேயே விளைந்தவை, இந்தக் குழலின் வரிகள் முறுக்கியதால் வந்தவை.

எதைக் கொடுப்பது? பெல்ஜியத்தைச் சுட முடியாது, புகையில்லா மருந்துக்கான முத்திரை இல்லை. எல்லோரும் அதைத்தான் கொடுக்கச் சொன்னார்கள். நான் இஷாப்பூரைக் கொடுத்தேன். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. என் கணக்கு இதுதான்: இஷாப்பூர் உறுதியான, உழைக்கிற துப்பாக்கி. அதற்கு இன்னொரு விவசாயி கிடைப்பார். கிடைத்தும்விட்டார், கடையம் பக்கம் ஒரு தோட்டத்தில் காவலுக்கு இருக்கிறது. பெல்ஜியத்தை யாரும் வாங்க மாட்டார்கள். ஒப்படைத்தால் என்றாவது ஒரு நாள் பழைய இரும்போடு இரும்பாக அழியும். அந்தக் கோலத்தை அடித்தவரின் கை திரும்ப வரப்போவதில்லை. இரண்டே இரண்டு வைக்கலாம் என்றான பிறகு நம் நாட்டில் சேகரிப்பு என்பது எண்ணிக்கை அல்ல, எதை அழியவிடக் கூடாது என்று முடிவு செய்வதுதான்.

இனி நான் செய்த பெரும் தவறு. ரோடாவின் குழல்கள் காலத்தால் கறுப்பு மங்கிப் பழுப்பேறியிருந்தன. வெளியூரில் உரிமம் பெற்ற ஒரு பட்டறையில் புதுக்கறுப்பு ஏற்றிக் கொடுப்பதாகச் சொன்னார்கள். எப்படி ஏற்றுவீர்கள் என்று கேட்காமலே கொடுத்தேன். பத்தே நாளில் திரும்பி வந்தது. கண்ணாடி போல மின்னிற்று, அப்பாவே மெச்சினார். வழக்கம்போல விரலில் தொங்கவிட்டுச் சுண்டினேன். பொத்தென்றது. இன்னொரு முறை சுண்டினேன். ஈரப் பலகையைத் தட்டியது போல அதே பொத். மூன்று வாரம் கழித்து மேல்பட்டையின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்து வெளியே வந்தது.

காஸ்டிக் சோடாவும் உப்புகளும் சேர்த்துக் கொதிக்கும் தொட்டியில் முக்கிக் கறுப்பேற்றுவது இன்றைய முறை. ஒற்றை இரும்பில் செய்த துப்பாக்கிக்கு அது தகும். ஈயப் பற்றில் ஒட்டிய இரட்டைக்குழலுக்கு நஞ்சு. ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்பது ஆச்சிக்குத் தெரியும். இங்கே சூடு உருக்கவில்லை, காரம் தின்றது. தின்றதோடு இடுக்கில் தங்கி உள்ளிருந்தே துருவையும் வளர்த்தது. பழைய குழலுக்கு ஏற்றது மெதுவான துருக்கறுப்பு மட்டும்தான்: மருந்து தடவித் துருவேறவிட்டு, கொதிநீரில் காய்ச்சி, தேய்த்து, மறுபடி தடவி, இப்படிப் பல நாள். எட்டு மாதம் அலைந்து, வேலை தெரிந்த ஒரு முதியவரைப் பிடித்தேன். பட்டைகளை முழுக்கக் கழற்றிச் சுத்தம் செய்து, மறுபடி பற்று வைத்து, துருக்கறுப்பு ஏற்றிக் கொடுத்தார். கொடுக்கும் முன் அவரே விரலில் மாட்டிச் சுண்டிக் காட்டினார். எனக்குப் பேச்சு வரவில்லை. 'தம்பி, பழுப்பு இருந்தால் என்ன? அது வயசு. அதைக் கழுவ ஆசைப்படாதீர்கள்' என்றார்.

2023 டிசம்பர் 17-ஆம் தேதி பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது. கீழ்வீட்டில் முழங்கால் தண்ணீர். துப்பாக்கிகளை முதலில் மாடிக்குக் கொண்டுபோனேன், அதுவரை சரி. பாதுகாப்பென்று நினைத்து ரோடாவை அதன் பழைய தோல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். மின்சாரம் இல்லாத ஐந்து நாள்கள் கழித்துத் திறந்தால், சிவப்புக் கம்பளித் துணியில் படிந்திருந்த பக்கம் முழுக்கச் செம்புழுதி போலத் துரு. தோலும் கம்பளியும் காற்றின் ஈரத்தைக் குடித்து இரும்புக்கு ஊட்டும். அந்தப் பெட்டி பயணத்துக்கானது, வாசத்துக்கானது அல்ல. துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் கறுப்பும் போயிருக்கும். மெல்லிய எண்ணெயில் ஒரு இரவு ஊறவிட்டு, ஆச்சியின் செப்புக் காலணா ஒன்றின் விளிம்பால் மெல்லச் சுரண்டினேன். செம்பு எஃகைவிட மென்மையானது, துருவை எடுக்கும், குழலைக் கீறாது.

தேர்தல் வந்தால் துப்பாக்கி காவல் நிலையத்துக்குப் போகும். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு மார்ச் கடைசியில் கொடுத்தது, ஜூன் 4 வாக்கு எண்ணிக்கைக்குப் பிறகே கைக்கு வந்தது. இதைப் பலர் தொல்லையாக நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் கண்காட்சி. வட்டாரத்துத் துப்பாக்கிகள் எல்லாம் ஒரே நாளில் ஒரே வராந்தாவில் நிற்கும் வாய்ப்பு வேறு எப்போது வரும்? ஒருமுறை ஒரு பெரியவர் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்ததைப் பிரித்தபோது கிரீனர் என்ற ஆங்கிலேயப் பட்டறையின் துப்பாக்கி ஒன்று வெளியே வந்தது. குழல்களுக்கு நடுவே பின்னால் நீளும் நாக்கும், அதன் துளையில் குறுக்கே பாயும் வட்டத் தாழும் துருவுக்கு அடியிலும் துல்லியமாக இருந்தன. 'அண்ணாச்சி, இதைத் தயவுசெய்து யாருக்கும் விற்றுவிடாதீர்கள்' என்று சொல்லிவிட்டு, என்னிடமிருந்த எண்ணெய்த் துணியால் அங்கேயே துடைத்துக் கொடுத்தேன்.

ஒப்படைக்கும்போது குழல்களின் உள்ளும் புறமும் வழக்கத்தைவிடத் தடிப்பாக எண்ணெய் தடவி, பருத்தித் துணி உறையில் வையுங்கள். ரெக்சின் உறை வியர்க்கும். ரசீதில் துப்பாக்கி எண்ணைச் சரிபாருங்கள். என் பழைய உரிமத்தில் ஒரு 3 எழுதும்போது 8 ஆகியிருந்தது. அதைத் திருத்த குழல், பெட்டி, முன்கட்டை மூன்றிலும் உள்ள எண்ணைப் படமெடுத்துக் கொடுத்து ஐந்து மாதம் நடந்தேன். மூன்று எண்களும் ஒன்றாக இருப்பது, மூன்று பாகங்களும் ஒன்றாகப் பிறந்தவை என்பதற்கும் சான்று. வாங்குகிறவர்கள் அதையும் பார்க்க வேண்டும்.

கடைசியாகத் தாத்தாவின் ஒரே பிழை. அவர் தேங்காய் எண்ணெய் போட்டார். சமையல் எண்ணெய் நாள்பட்டால் பிசுக்காகும், விசையைக் கவ்வும். அதோடு துப்பாக்கியைக் குழல் மேலாக நிறுத்தி வைத்தார். ஐம்பது ஆண்டு எண்ணெயும் வழிந்து இறங்கி, பெட்டியோடு சேரும் இடத்தில் கட்டைக்குள் ஊறி, மரம் அங்கே கறுத்து நைந்துபோயிருந்தது. நகத்தால் அழுத்தினால் தடம் பதியும். பற்று வைத்துக் கொடுத்த அந்த முதியவர்தான் சொன்னார், குழல் வாய் கீழாக நிறுத்து, கட்டையின் கழுத்தில் சாக்கட்டிப் பொடியைக் குழைத்துப் பூசி உறிஞ்சவிடு என்று. அன்றிலிருந்து பீரோவுக்குள் அது தலைகீழாக நிற்கிறது, வாய்க்குக் கீழே நான்காக மடித்த பழைய நாளிதழ். முதல் மாதம் தாளை எடுத்தபோது எண்ணெய்க் கறை உள்ளங்கை அகலம் இருந்தது. ஒரு வருடத்தில் ஒரு ரூபாய் நாணயமளவு ஆயிற்று. இந்தப் பொங்கலுக்குத் தாள் மாற்றினேன். மிளகளவுதான் இருந்தது. கழுத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தேன், தடம் விழவில்லை.